ஜெர்மன் போவி கத்தியைக் காட்டுக்கு எடுத்துப் போகும் முன் சோதிப்பது எப்படி

போவி கத்தியைக் கையில் எடுத்தால் கண் முதலில் முனைக்குத்தான் போகும். முதுகு நேராக வந்து, கடைசி நாலு விரல் தூரத்தில் உள்வாங்கிச் சரிந்து ஊசியாக முடியும் அமைப்பு, பிடிக்கும் அலகுக்கும் நடுவே விரல் வழுக்காமல் தடுக்கும் மினுமினுக்கும் பித்தளைக் காப்பு, கரடுமுரடான மான்கொம்புப் பிடி, எல்லாம் சேர்ந்து பார்த்ததுமே வாங்கத் தோன்றிவிடும். நான் முதல்முறை வாங்கியதும் அப்படித்தான். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஒரு பழைய சாமான் சந்தையில் 60 யூரோ கொடுத்தேன். அலகில் கீறல் இல்லை, முனை உடையவில்லை, தோல் உறைகூட நல்ல நிலையில் இருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க மழையிலும் பனியிலும் கூடவே இருந்தது. அப்புறம் ஒருநாள் தோட்டத்தில் பீச் (beech) மர விறகு ஒன்றைப் பிளக்கும்போது கணுவில் சிக்கிக்கொண்டது, முதுகில் மூன்றாவது அடி போட்டேன், பிடி மட்டும் கையோடு வந்துவிட்டது, அலகு விறகிலேயே நின்றது.

உடைந்த இடத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அலகின் அடியில் குட்டையாக ஒரு முளை, அதன் நுனியில் சாதா இரும்புக் கம்பி ஒன்றைப் பற்றவைத்து அதைத்தான் பிடிக்குள் இறக்கியிருக்கிறார்கள். பற்றவைத்த இடத்தில் உடைந்திருந்தது. அந்தக் குறுக்குவெட்டில் மூன்றில் இரண்டு பங்கு கறுத்த பழுப்பு, ஒரு பங்கு மட்டும் புதிதாக உடைந்த சாம்பல் நிறத்தில் மணல் மணலாக மின்னியது. அதாவது வெகுநாளாக அது விரிசல் விட்டு உள்ளே துருப்பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, மிச்சமிருந்த அந்த ஒரு பங்கை நம்பித்தான் நான் இத்தனை நாள் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அலகு தெறித்து என் பக்கம் வராதது அதிர்ஷ்டம்.

அன்றிலிருந்து எந்தப் போவியைப் பார்த்தாலும் பிடியின் கடைசியில் ஆரம்பித்து அலகின் நுனியில் முடிக்கிறேன். வாங்கும்போது நாம் ஆசைப்படும் வரிசைக்கு இது நேர் எதிர். ஆனால் வெளியில் போகும்போது இந்தக் கத்தியை நம்பலாமா என்பதற்கான விடையில் பாதிக்கு மேல் பிடிக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

போவி காட்டு வேலைக்கென்று பிறந்த கத்தி இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1827 செப்டம்பர் 19 அன்று மிசிசிப்பி ஆற்று மணல்திட்டு ஒன்றில் நடந்த கைகலப்பில் ஜேம்ஸ் போவி என்ற அமெரிக்கர் பெரிய கத்தி ஒன்றை வைத்துச் சண்டை போட்டுப் படுகாயத்தோடு பிழைத்தார், பத்திரிகைகள் அதை ஊதிப் பெரிதாக்கின, 1836 மார்ச் 6 அன்று டெக்சாஸின் அலமோ கோட்டையில் அவர் இறந்த பிறகு பெயர் இன்னும் பரவியது. அமெரிக்கச் சந்தைக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பட்டறைகள் இந்தக் கத்தியை ஏராளமாகச் செய்து அனுப்பின, ஜெர்மனியின் சோலிங்கன் நகரமும் அதைத் தன் பாணியில் செய்யத் தொடங்கியது. ஜெர்மன் வேட்டைக்காரரின் உண்மையான பாரம்பரியக் கத்தி நிக்கர் எனப்படும் சின்னக் கத்திதான், அலகு 10, 11 சென்டிமீட்டர்தான் இருக்கும். போவி அங்கே பிறகு வந்து சேர்ந்த விருந்தாளி. அதனால் இரட்டைக் காப்பு, ஊசிமுனை, அநாவசிய நீளம் என்று சண்டைக் கத்தியின் குணங்கள் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் எது உங்கள் வேலைக்கு உதவும், எது குறுக்கே நிற்கும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தச் சோதனை முழுவதும்.

முத்திரை என்ன சொல்கிறது

சோலிங்கன் என்று அலகில் பொறித்திருந்தால் அதற்குச் சட்டப் பொருள் உண்டு. 1938இலேயே அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது, இப்போது நடைமுறையில் இருப்பது 1994இன் ஆணை. முக்கியமான தயாரிப்புக் கட்டங்கள் எல்லாம் சோலிங்கன் நகரம், பக்கத்து ஹான் நகரம் என்ற எல்லைக்குள் நடந்திருந்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். ஆனால் வெறும் ‘ஜெர்மனி’ என்றோ, ‘ஜெர்மன் வடிவமைப்பு’ என்றோ, ‘ரோஸ்ட்ஃப்ரை’ என்றோ மட்டும் இருந்தால் அந்த உத்தரவாதம் கிடையாது. ரோஸ்ட்ஃப்ரை என்றால் துருப்பிடிக்காதது, அவ்வளவுதான். ஒரே கம்பெனி ஒரு வரிசையைச் சோலிங்கனிலும் இன்னொரு வரிசையை வேறு நாட்டிலும் செய்விப்பது சாதாரணம், எனவே கம்பெனிப் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் கையில் இருக்கும் கத்தியின் முத்திரையைப் படியுங்கள்.

பூமா, லிண்டர், போக்கர், ஹுபெர்டுஸ் ஆகியவை அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். பூமா 1769இல் தொடங்கியது. பழைய பூமா கத்திகளின் அலகில் ஊசி குத்தியதுபோல் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதைப் பழுதென்று நினைத்து விலை குறைக்கச் சொல்லாதீர்கள், அது ராக்வெல் முறையில் கடினத்தைச் சோதித்த தடம்.

ஆனால் முத்திரை சொல்வது எங்கே செய்தார்கள் என்பதை மட்டும். உங்களிடம் வந்து சேரும் முன் அந்தக் கத்தி எங்கெல்லாம் நனைந்தது, யார் யார் அதை வைத்து நெம்பினார்கள் என்பது முத்திரையில் வராது.

பிடிக்குள் என்ன இருக்கிறது

அலகின் தொடர்ச்சியாகப் பிடிக்குள் இறங்கும் எஃகை வால் என்று வைத்துக்கொள்வோம். பிடியின் முழு அகலத்துக்கும் எஃகு இருந்து, இரண்டு பக்கமும் சில்லுகள் ஒட்டி ஆணி அடித்திருந்தால் பட்டை வால். பிடியைச் சுற்றிப் பார்த்தாலே எஃகு தெரியும், அதனால் கவலை குறைவு. பாரம்பரிய மான்கொம்புப் போவிகளில் பெரும்பாலும் இருப்பது ஒளிவால்: கொம்பைக் குடைந்து உள்ளே குறுகிய வாலை இறக்கியிருப்பார்கள். ஒளிவால் என்பதற்காகவே அது மட்டம் என்று ஆகாது. நன்றாகச் செய்த ஒளிவால் இரண்டு தலைமுறைக்குத் தாங்கும், குளிரில் கை சில்லிடாது, எடையும் குறையும். எவ்வளவு தூரம் போகிறது, எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் காந்தம் போதும். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் சாதாரணக் காந்தம் வேண்டாம், பொத்தான் அளவில் கிடைக்கும் சக்திவாய்ந்த நியோடிமியம் காந்தத்தை ஒரு சாண் நூலில் கட்டுங்கள். கத்தியைப் படுக்கவைத்து, காப்புக்குப் பக்கத்திலிருந்து பிடியின் ஓரமாக மெதுவாக நூலைக் கொண்டுபோங்கள். உள்ளே எஃகு இருக்கும்வரை காந்தம் பிடிப் பக்கம் சாய்ந்தே வரும், எஃகு முடிந்த இடத்தில் நேராகத் தொங்கும். கத்திக்குப் போடும் எவர்சில்வரும் காந்தத்தில் ஒட்டும், பித்தளையும் நிக்கல் வெள்ளியும் ஒட்டாது, எனவே காப்போ, பிடியின் கடைசியில் இருக்கும் கடைக்குமிழோ ஏமாற்றாது. கடைக்குமிழின் உள்ளே எஃகு மரை இருந்தால் மட்டும் கடைசியில் தனியாக ஒரு இழுப்பு வரும். நடுவில் இடைவெளி விட்டு அங்கே மட்டும் இழுத்தால் வால் பாதியிலேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். பிடி நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது எஃகு போகாத கத்தியை நான் விறகு பிளக்க எடுப்பதில்லை, சமையலுக்கும் கயிறு அறுக்கவும் வைத்துக்கொள்வேன். இதிலும் ஒரு குறை உண்டு. என் பழைய கத்தியில் பற்றவைத்த கம்பியும் இரும்புதானே, காந்தம் அதையும் நல்ல வால் என்றே காட்டியிருக்கும். அதனால்தான் அடுத்த இரண்டு சோதனைகளும் தேவை.

ஒன்று காது. அலகின் முனையைத் துணியால் சுற்றி இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, பிடியைக் கைமுட்டியால் லேசாகத் தட்டுங்கள். இறுக்கமான கத்தி ஒரே ஒலியாகக் கணீரென்றோ, மரத்தில் தட்டியதுபோலவோ கேட்கும். தளர்ந்த கத்தியில் அந்த ஒலிக்குப் பின்னாலேயே மெல்லிய கிர்ர் என்ற நடுக்கம் வரும். நான்கைந்து கத்தியைத் தட்டிப் பார்த்துவிட்டால் வித்தியாசம் உடனே பிடிபடும்.

இன்னொன்று காப்பும் அலகும் சேரும் இடம். சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அலகு காப்புக்குள் நுழையும் அந்தத் துளையைச் சுற்றிப் பாருங்கள். வெளிச்சக் கோடு தெரிந்தால் தண்ணீர் போகும். தண்ணீர் போனால் வெளியே வராது, கொம்பு அதைப் பஞ்சுபோல் பிடித்துவைத்துக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாமல் வாலின் கழுத்து அரிபடும். காப்பைச் சுற்றிப் பழுப்புக் கறையோ ஈரக்கோடோ இருந்தால் பழைய கத்தியைப் பேசாமல் வைத்துவிட்டு நகருங்கள். இடைவெளி மயிரிழைதான், மற்றதெல்லாம் சரி என்றால் வாங்கலாம், அடைப்பது சுலபம், கடைசியில் சொல்கிறேன்.

மான்கொம்பு

சோலிங்கன் கத்திகளின் நல்ல கொம்புப் பிடிகள் வெகுகாலம் இந்தியாவிலிருந்து போனவை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கடமான் என்றும் தெற்கே மிளா என்றும் சொல்கிறோமே, அந்த மானின் உதிர்ந்த கொம்புதான். ஐரோப்பியச் செம்மானின் கொம்பில் நடுவே கடற்பஞ்சு மாதிரி துளைத்துளையான பகுதி அதிகம், மிளாக் கொம்பில் அது குறைவு, கெட்டி அதிகம், ஆணியும் பசையும் பிடித்து நிற்கும். 1990களின் இறுதியில் இந்தியா இந்த ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதனால் பழைய கத்தியில் மிளாக் கொம்பும் புதியதில் பெரும்பாலும் வேறு கொம்புமாக இருக்கும். கடைக்குமிழ் இல்லாத பிடி என்றால் கடைசி வெட்டைப் பாருங்கள், நடுவிலிருக்கும் துளைப்பகுதி சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருந்தால் அந்தப் பிடி ஈரத்தை அதிகம் குடிக்கும். இன்னொரு விஷயம், நான் ரொம்ப அக்கறையோடு சொல்வது: இந்த மாதிரிக் கத்தியை ஊருக்குப் பரிசாக எடுத்துப் போகாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் ஊர் மானின் கொம்பால் செய்த பொருளையும் விடுவதில்லை. சொந்தக்காரரை வம்பில் மாட்டிவிட வேண்டாம்.

விரிசலை ஆணியைச் சுற்றித் தேடுங்கள். கொம்பு காலப்போக்கில் சுருங்கும், ஆணி சுருங்காது, அதனால் அங்கேதான் பிளக்கும். கொம்பின் மேல் இயற்கையாக இருக்கும் வரிப்பள்ளங்கள் விரிசல் இல்லை, நகத்தை ஓட்டிப் பார்த்தால் நகம் சிக்காமல் வழுக்கிப் போகும்.

அப்புறம் கையில் பிடித்துப் பாருங்கள். கடையில் ஒரு நிமிடம் பிடித்தால் எந்தப் பிடியும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு காய்ந்த குச்சியைப் பத்து நிமிடம் விடாமல் சீவுங்கள், பிறகு உள்ளங்கையைப் பாருங்கள். கொம்பின் மேடு எங்கே குத்துகிறதோ அங்கே சிவந்திருக்கும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சிவந்திருந்தால் காப்புதான் காரணம். சுண்டுவிரல் வெளியே தொங்கக் கூடாது. கையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டும் அதே வேலையைச் செய்யுங்கள், கொம்பின் கரடுமுரடு எதற்கு என்று அப்போதுதான் புரியும், ஈரத்தில் நல்ல கொம்புப் பிடி பல ரப்பர் பிடிகளைவிட உறுதியாக நிற்கிறது.

காப்பில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: காட்டுக்கு ஒற்றைக் காப்புப் போதும். விரல் வழுக்கிக் கூர்வாயில் ஏறாமல் கீழ்ப்பக்கம் ஒன்று இருக்கட்டும். முதுகுப் பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் கட்டைவிரலை முதுகில் வைத்து அழுத்த முடியாது. நுணுக்கமாகச் சீவும் வேலையில் முக்கால்வாசி அந்த அழுத்தத்தில்தான் நடக்கிறது.

அலகு

எஃகுப் பெயரைப் பற்றிப் பேசினால் பொழுது போவதே தெரியாது, ஆனால் இந்தவகைக் கத்தியில் தேர்வு அவ்வளவு பரந்ததில்லை. 1.4116 என்ற ஜெர்மன் எஃகு நிறைய வரும், ஏறக்குறைய 0.5 சதவீதம் கரி, 15 சதவீதம் குரோமியம். வீட்டில் சோலிங்கன் சமையல் கத்தி இருந்தால் அதே குடும்பம்தான். சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூராகும், எளிதில் சில்லு பெயராது. 440 ஏ அதைவிட ஒரு படி கெட்டி, 440 சி இன்னும் ஒரு படி, அதில் கரி ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும், கூர் நிற்கும், தீட்டுவதற்குப் பொறுமை வேண்டும். சி75 மாதிரிக் கரி எஃகு என்றால் ஈரத்தோடு உறையில் போட்டால் மறுநாள் காலையில் புள்ளி விழுந்திருக்கும், ஆனால் அதன் கூர் தனி. ராக்வெல் அளவில் 56, 57 இருந்தால் காட்டு வேலைக்கு நான் திருப்தி. இந்தப் பெயர்களைவிட எஃகைச் சூடாக்கிக் குளிரவைத்துப் பதம் ஒழுங்காகப் பார்த்தார்களா என்பதுதான் முக்கியம், அதற்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. பென்சில் கனத்துக்குப் பித்தளைக் கம்பி ஒன்றை எடுத்து மேசையில் கட்டிவையுங்கள். கூர்வாயைத் தீட்டும் கோணத்திலேயே அதன்மேல் சாய்த்து மெதுவாக அழுத்துங்கள், பின்னாலிருந்து வெளிச்சம் வரட்டும். வாய் லேசாக வளைவது கண்ணுக்குத் தெரியும். எடுத்ததும் நேரானால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மெது, பொடியாகப் பெயர்ந்தால் முறுகல். புதுக் கத்தியில் இது தோற்றுப்போனால் உடனே தள்ளிவிடாதீர்கள். கடைசி மெருகில் இயந்திரச் சூட்டால் வாயின் ஓரம் மட்டும் கெட்டிருக்கலாம், இரண்டு மூன்று முறை கல்லில் தீட்டி அந்த ஓரத்தைப் போக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

எஃகைவிட எனக்கு முக்கியம் வடிவம். எஃகு அளவுகோல் ஒன்றை அலகின் பக்கவாட்டில் முதுகிலிருந்து வாய்க்குக் குறுக்காக நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் குழிச்சாணை, ஒட்டி நின்றால் தட்டைச்சாணை. பழைய போவிகளில் குழிச்சாணை நிறைய. இறைச்சியும் கயிறும் வெண்ணெயாக அறுபடும், ஆனால் விறகில் இறங்கினால் குழியின் தோளில் இறுகி நின்றுவிடும். விறகு வேலை உண்டு என்றால் தட்டையை எடுங்கள்.

கூர்வாயின் ஓரத்தில் மினுங்கும் அந்தச் சின்னச் சரிவின் அகலத்தையும் பாருங்கள். பக்கத்துக்கு 20 டிகிரி கோணத்தில் தீட்டிய கத்தியில் சரிவு 1 மில்லிமீட்டர் என்றால் அதன் பின்னால் அலகின் கனம் சுமார் 0.7, 2 மில்லிமீட்டர் என்றால் 1.4. முதல் கத்தி சீவும், இரண்டாவது எவ்வளவு கூராக இருந்தாலும் ஆப்பு மாதிரிதான் நுழையும். அலமாரிக்கென்று செய்த போவிகளில் இந்தக் கோளாறு அதிகம்: 5 மில்லிமீட்டர் முதுகு, கண்ணாடி மெருகு, ஆனால் வெங்காயத்தை நறுக்கினால் கடைசியில் டக்கென்று பிளக்கிறது.

முதுகுப் பக்கம் பள்ளமாகச் சரியும் இடத்தில் பொய்க்கூர் இருக்கும், அதை மெலிதாக்கி மட்டும் விட்டிருந்தால் பரவாயில்லை. உண்மையிலேயே கூர் தீட்டியிருந்தால் வாங்காதீர்கள். பிளக்கும்போது அடிக்கும் கட்டையை அது கடித்துத் தின்னும், விரலுக்கும் ஆபத்து, ஜெர்மனியில் இருபக்கக் கூர் இருந்தால் கருவி என்ற நிலையிலிருந்து ஆயுதம் என்ற வகைக்கு அது போய்விடலாம். முதுகில் ரம்பப்பல் வெட்டிய கத்திகளும் அப்படியே, மரத்தை அறுக்காது, அடிகட்டையைத்தான் அறுக்கும்.

சட்டம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீளத்தைத் தீர்மானிப்பது இதுதான். ஜெர்மன் ஆயுதச் சட்டத்தின் 42ஏ பிரிவு 2008 முதல், மடக்க முடியாத கத்தி 12 சென்டிமீட்டரைத் தாண்டினால் பொது இடத்தில் கையோடு வைத்துத் திரிவதைத் தடுக்கிறது. வேட்டை, விளையாட்டு, தொழில் போன்ற ஏற்கத்தக்க காரணங்களுக்கு விலக்கு உண்டு, பூட்டிய பைக்குள் எடுத்துச் செல்லவும் அனுமதி உண்டு. 2024 ஆகஸ்டில் சோலிங்கனின் சொந்த நகர விழாவிலேயே கத்திக்குத்து நடந்து மூன்று பேர் இறந்தார்கள், அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் விதிகள் இன்னும் இறுகிவிட்டன, பொது விழாக்களிலும் நெடுந்தூர ரயில்களிலும் கைக்கெட்டும்படி கத்தி வைத்திருப்பதே பொதுவாகத் தடை. போவிகள் பொதுவாக 15 முதல் 20 சென்டிமீட்டர். நடைபயணத்துக்கு இடுப்பில் கட்டிக்கொண்டு பேருந்து ஏறலாம் என்று யோசித்திருந்தால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள். பூட்டிய பையில் போட்டு எடுத்துப் போங்கள், இல்லையென்றால் 12க்குள் இருக்கும் சின்னப் போவியைத் தேடுங்கள். நான் 15க்கு மேல் போவதில்லை. அதற்கு மேல் நீளம் கனத்தை மட்டும்தான் கூட்டுகிறது.

ஒரு நாள் முழுக்க வேலை வாங்குங்கள்

இதெல்லாம் மேசைச் சோதனை. வேலையில் பார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள், சொந்தத் தோட்டத்திலோ தெரிந்தவர் நிலத்திலோ. சோலிங்கன் இருக்கும் நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் காட்டிலும் காட்டுக்கு 100 மீட்டருக்குள்ளும் அனுமதியில்லாமல் தீ மூட்டக் கூடாது, அங்கே நிற்கும் மரத்தை வெட்டவும் கூடாது.

காலையில் ரொட்டி, வெங்காயம், ஒரு துண்டு பாலாடைக்கட்டி என்று சாப்பாட்டில் ஆரம்பியுங்கள். உண்மையில் வெளியில் போனால் கத்தி அதிகம் செய்வது இதைத்தான். பிறகு விரல் கனத்துச் சணல் கயிற்றை இருபது முறை அறுங்கள், பலகையில் வைத்து இழுத்தும், கையில் மடக்கிப் பிடித்துத் தள்ளியும். அப்புறம் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் காய்ந்த குச்சியை எடுத்து, சீவல் கழன்று விழாமல் குச்சியிலேயே சுருண்டு நிற்கும்படி இறகு இறகாகச் சீவுங்கள். கத்தியின் குணம் இங்கேதான் வெளியே வரும். காகிதம்போல் மெல்லிய சுருள் தொடர்ந்து வந்தால் வடிவம் சரி. தடித்த சில்லாகப் பிய்ந்து வந்தால் வாயின் பின்கனம் அதிகம். போவியில் காப்புக்கும் கூர் ஆரம்பிக்கும் இடத்துக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூரில்லாமல் விட்டிருப்பார்கள், அதனால் கையின் பலம் முழுதாகக் கிடைக்கும் இடத்தில் வெட்ட முடியாமல் போகும். இந்த இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டினால் அன்றைக்கு மாலை மணிக்கட்டே சொல்லிவிடும்.

முதுகின் விளிம்பால், தீ மூட்டப் பொறி தரும் ஃபெரோ கம்பியைச் சுரண்டுங்கள். பொறி கொட்ட வேண்டும் என்றால் விளிம்பு செங்கோணமாக இருக்க வேண்டும். மெருகு போட்ட போவிகளில் முதுகு உருண்டு வழுக்கும். காப்புக்குப் பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர் மட்டும் அரத்தால் தட்டையாக்கினால் தீர்ந்தது.

முனையால் மென்மரப் பலகையில் திருகித் துளை போட்டுப் பாருங்கள், ஆனால் பக்கவாட்டில் நெம்ப வேண்டாம். போவியின் முனை மெலிந்தது, அது குத்தவும் துளைக்கவும்தான், நெம்பினால் நுனியில் இரண்டு மில்லிமீட்டர் போய்விடும். தகர டப்பாவைத் திறக்கிறேன் என்று முனையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிளப்பதைக் கடைசியில் வையுங்கள், வாலில் திருப்தி இருந்தால் மட்டும். அலகின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு கனம், அதாவது 15 சென்டிமீட்டர் கத்திக்கு 5 சென்டிமீட்டர் விறகு, கணு இல்லாதது, காய்ந்தது. அடிகட்டை மரமாக இருக்க வேண்டும், சுத்தியலும் கல்லும் வேண்டாம். முனைப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முதுகில் அடித்துக்கொண்டே, பிடியை மட்டமாக வைத்திருங்கள், பிடி கீழே இறங்க இறங்கச் சுமையெல்லாம் வாலின் கழுத்துக்குப் போகும். பத்துத் துண்டு போதும். முடித்ததும் மறுபடி கைமுட்டியால் தட்டி அந்தக் கிர்ர் வருகிறதா என்று கேளுங்கள். அரிவாள் பிடித்துப் பழகிய கைக்கு ஓங்கி வெட்டத் தோன்றும், தோன்றினாலும் வேண்டாம். அரிவாளுக்கு எடை முன்னால், போவிக்கு எடை காப்புக்குப் பக்கத்தில், கட்டைவிரல் கனத்துக் கிளைக்கு மேல் வெட்டினால் கைக்குத்தான் வலி.

மாலையில் மேசை விளக்கின் அடியில் வாயை மேலே பார்க்க வைத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பாது, கருப்புக் கோடாக இருக்கும். எங்கே நட்சத்திரம் மாதிரி மின்னுகிறதோ அங்கே மழுங்கியோ மடிந்தோ இருக்கிறது. நகத்தை ஒரு பக்கமாக ஓட்டினால் மடிந்த இடத்தில் நகம் தட்டும். மடிந்திருந்தால் தோல்பட்டையில் நிமிர்த்தலாம், பெயர்ந்திருந்தால் கல்லில்தான் சரியாகும். அப்படியே தீட்டியும் பாருங்கள், 1000 எண் கல் போதும். காப்பு கல்லில் இடித்து அடிப்பக்கம் எட்டாமல் போகிறதா, முனையின் வளைவில் கோணம் தவறாமல் கை திரும்புகிறதா என்று அப்போதுதான் தெரியும். பத்து நிமிடத்தில் மறுபடி காகிதம் அறுக்காத கத்தி காட்டில் உங்களுக்குச் சுமை.

உறையைக் குறைத்து மதிக்காதீர்கள். கத்தியைப் போட்டுத் தலைகீழாக உதறினால் விழக் கூடாது. தையலின் உள்பக்கம், கூர்வாய் வரும் ஓரத்தில், இன்னொரு தோல் பட்டை நடுவில் வைத்துத் தைத்திருக்கிறதா பாருங்கள், அது இல்லையென்றால் வாய் ஒவ்வொரு தடவையும் நூலையே அறுக்கும். இடுப்பில் மாட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள், பிடி விலாவில் குத்தினால் வாரை நீட்ட வேண்டும். கத்தியை உறையில் போட்டுச் சேமித்துவைக்காதீர்கள், தோலின் ஈரமும் பதனிட்ட உப்பும் எவர்சில்வரையும் புள்ளி புள்ளியாக அரிக்கும், பித்தளைக் காப்பில் பச்சைக் களிம்பு ஏறும்.

காப்பின் இடைவெளியை அடைப்பது இப்படி. கத்தியை இரண்டு நாள் சூடான அறையில் முனை மேலே பார்க்க நிறுத்தி நன்றாகக் காயவிடுங்கள். தேன்மெழுகைச் சிறு கிண்ணத்தில் வெந்நீருக்குமேல் வைத்து உருக்கி, முடி உலர்த்தியால் காப்பைக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கி, தீக்குச்சி நுனியால் மெழுகை அலகைச் சுற்றிச் சொட்டுங்கள். சூட்டில் அது தானாக உள்ளே இழுபடும். இனி இழுபடவில்லை என்றதும் நிறுத்தி, ஆறியபின் மிச்சத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். நனைந்து திரும்பிய ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அந்த இடத்தை ஒருமுறை பார்த்து, மெழுகு பிளந்திருந்தால் மறுபடி சொட்டுங்கள்.